நீலச் சால்வை வெளுத்த விவரம்

மதிப்பிற்குரிய அத்தை அவர்களுக்கு, மாப்பிள்ளை பணிவுடன் எழுதிக்கொள்வது. உங்கள் முட்டிவலி குறைந்திருக்கும் என நம்புகிறேன். இங்கே நான் முகம் நீங்கலாக நலம்.

உங்கள் மகள் போய்ச் சேர்ந்த இந்த எட்டு மாதத்தில் மூன்று முறை கேட்டுவிட்டீர்கள். "அவ நீலச் சால்வையை மட்டும் அனுப்பிடுங்க மாப்பிள்ளை, நீங்க வச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறீங்க?" என்று போன வாரம் நீங்கள் கேட்டபோது, சிக்னல் சரியில்லை என்று போனை வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. பேசத் தைரியம் இல்லாததால் எழுதுகிறேன்.

என் வேலை என்னவென்று உங்களுக்கு யாரும் ஒழுங்காகச் சொன்னதில்லை. "இவரு பருவுக்குத் தபால்காரர்மா" என்று அவள் முடித்துவிடுவாள். உண்மைதான். மருந்து பழையது, எல்லாருக்கும் தெரிந்தது. அதை உரிய இடத்தில் கொண்டுபோய் இறக்குவதுதான் என் பாடு. மொத்தமாக அப்பினால் தோல் எரியும், உரியும். அதனால் கண்ணுக்குத் தெரியாத, ஸ்பாஞ்சு மாதிரி ஓட்டை ஓட்டையான உருண்டைகளுக்குள் மருந்தை அடைத்து ஜெல்லில் கலக்கிறோம். தோலில் உட்கார்ந்து எட்டு மணி நேரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். தேய்த்தால் சீக்கிரம் கசியும். துணியில் பட்டால் சாயத்தைத் தின்றுவிடும். "துணியில் படாமல் பார்த்துக்கொள்ளவும்" என்று டியூப் மேல் எச்சரிக்கை எழுதியவனே நான்தான் அத்தை.

அவள் போன ஆறாம் மாதம் என் முகம் பூராவும் பரு. முப்பத்திரண்டு வயசில்! மேலாளர் கூப்பிட்டு, "வழுக்கைத் தலையன் முடி வளர்ற தைலம் விக்கிற மாதிரி இருக்குய்யா. வாங்குறவங்க வர்றப்ப நீ ஸ்டோர் ரூம்ல இரு"ன்னார். போய் உட்கார்ந்தேன். பக்கத்திலேயே நாங்க செஞ்ச ஜெல், நாற்பத்தேழாம் நம்பர் டப்பா. வெளியே கொண்டுபோகக் கூடாதுதான். கொண்டுபோய்த் தடவிக்கிட்டுப் படுத்தேன். தலையணை மேல என்ன விரிச்சிருந்தேன்னு கேட்காதீங்க. கேட்டாலும் அதுதான்.

காலைல பார்த்தா நீலத்துல வெள்ளையா என் மூஞ்சி. கன்னம், மூக்கு, தாடை, எல்லாம் காணாமல் போனவர் அறிவிப்புல வர்ற படம் மாதிரி. பதறிப்போய் ஈரத்துணியால தேய்ச்சேன். தேய்ச்சா கசியும்னு நூறு பக்கம் எழுதிப் பட்டம் வாங்கினவன் தேய்க்கிறேன்! மறுநாள் காதும் வந்துடுச்சு.

வழி ஏதாவது இருக்கான்னு லேபுக்கு எடுத்துட்டுப் போனா, மேலாளர் அதை வெளிச்சத்துல தூக்கிப் பிடிக்கிறார். "அடேயப்பா! எவ்வளவு சீரா இறங்கியிருக்கு பாரு! ஒரு திட்டு இல்லையே. போட்டோ எடுத்து அறிக்கைல சேர்க்கலாமாய்யா?"

"சார், அது என் வீட்டம்மாவோடது."

மெதுவா மடிச்சு என் கையில கொடுத்தார். "வீட்டுக்குப் போய்யா"ன்னார். மணி பதினொண்ணுதான். வீட்டுக்குப் போய் நான் என்ன பண்ணுவேன்னு அவருக்கும் தெரியலை, எனக்கும் தெரியலை.

ஆஸ்பத்திரியில எல்லாரும் அழுதப்ப நான் மெஷின்ல ஓடின எண்களைப் படிச்சுக்கிட்டு இருந்தேன். "கல்லுளிமங்கன்"னு உங்க தம்பி சொன்னது காதுல விழுந்துச்சு. அவரைத் தப்பு சொல்ல மாட்டேன். அந்த எண்கள் இப்பவும் வரிசையா ஞாபகம் இருக்கு. அன்னைக்கு அவ என்ன சேலை கட்டியிருந்தான்னு ஞாபகம் இல்லை.

நிற்க. சால்வையைச் சாயம் போடுபவரிடம் கொடுத்திருக்கிறேன். புதிது போல் ஆக்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அடுத்த வாரம் கைக்கு வந்ததும் முழுதாக, மடிப்புக் கலையாமல் அனுப்பிவைக்கிறேன். அதுவரை பொறுத்தருள்க. மாமாவுக்கு என் வணக்கம். நீங்கள் வைதாலும் ஆசியாகவே எடுத்துக்கொள்ளும்,

மாப்பிள்ளை.

பி.கு.: சாயம் போடுறவர்கிட்டப் போனது நிஜம். கொடுத்தது பொய். "ஒரு மணி நேரம் கொதிக்க வைக்கணும் தம்பி, கறை, வாசனை எல்லாம் போயிடும்"ன்னார். கையோட திரும்பி வந்துட்டேன். ஜெல் படாத பக்கத்துல அவ வாசனை இன்னும் இருக்கு. அதுக்காகத்தான் உங்க போனை வச்சேன். இன்னைக்குக் கத்தரியை எடுத்து நடுவுல வெட்டிட்டேன். என் மூஞ்சி விழுந்த பாதி எனக்கு, அதுல மருந்து நெடிதான். மத்த பாதி இந்தக் கவர்லயே இருக்கு. எனக்கு எட்டு மாசம் கிடைச்சிருச்சு அத்தை. உங்களுக்கு ஒரு நாள்கூடக் கிடைக்கலை. துவைக்காதீங்க. பிரிக்கிறப்ப ஃபேனை நிறுத்திக்குங்க.