பூட்டு அண்ணனும் கேட்காத சத்தமும்

கண்ணுகளா, திண்டுக்கல்லில் செய்யும் பூட்டில் பாதியை ஒரே ஆள்தான் வாங்கியிருப்பார். நத்தம் ரோட்டில் உங்கள் அப்பா நான் வேலை பார்க்கும் ஃபைபர் ஷீட் பட்டறையில், ரெசின் என்கிற பசையைக் கலக்குபவர் அவர். பூட்டு அண்ணன் என்போம். டிபன் கேரியருக்கு ஒரு பூட்டு. செருப்பை ஜன்னல் கம்பியோடு சேர்த்து ஒரு பூட்டு. பூட்டியதும் இழுத்துப் பார்ப்பார். அப்புறம் நம் முகத்தைப் பார்ப்பார்.

ஒருநாள் முதலாளி அல்ட்ராசவுண்ட் மிஷின் வாங்கி என்னிடம் ஒப்படைத்தார். ஷீட் பலமாக இருக்க, கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணிய கருப்புத் துகளை ரெசினில் போடுவோம். போட்டதும் அது கட்டி கட்டியாகிவிடும். கட்டி இருக்கும் இடத்தில் ஷீட் உடையும். மிஷினின் கம்பியை உள்ளே விட்டால், காதுக்குக் கேட்காத சத்தம் அந்தக் கட்டிகளை உடைத்துப் பரப்பிவிடும்.

மிஷினைப் போட்டதும் பூட்டு அண்ணன் வந்து நின்றார். "கேக்காத சத்தம்னியே, கீச்சுனு கேக்குதேலே! மொதப் பேச்சே பொய்யா இருக்கு."

"அது சும்மா கூட வர்ற சத்தம்ணே. வேலை பாக்குற சத்தம் கேக்காது."

"வராத ஆளுக்குச் சம்பளங்கிற மாதிரில்ல இருக்கு!"

மறுநாள் ஆர்டர்காரர்கள் வந்து மாதிரி ஷீட்டை வளைத்துப் பார்ப்பதாக ஏற்பாடு. உடைந்தால் மிஷின் திரும்பிப் போகும். அதை ஓட்டும் நானும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

அந்தச் சத்தத்தில் ரெசின் சூடேறும். அதனால் பாத்திரத்தைச் சுற்றி ஐஸ் வைத்திருந்தேன். பாதி வேலையில் அது கரைந்தது. மிச்சத்தை எடுக்கப் போனால் ஐஸ் பெட்டியில் பூட்டு தொங்குகிறது! டிபன் கேரியர் பூட்டைக் கழற்றி அதில் மாட்டியிருந்தார் மனுஷன்.

"அம்புட்டு ஐஸும் எங்கலே போகுது? ஒளிஞ்சு நின்னு சர்பத் குடிக்கிறியா?"

"அண்ணே, ரெசின் சூடாயிருச்சு. கெட்டுப்போனா ஷீட் ஒடையும், என் வேலை போயிரும்ணே."

என் முகத்தையே பார்த்தார். இடுப்பிலிருந்து சாவியை எடுத்து நுழைத்தார். அது திரும்பவில்லை. சாவியைச் சந்தேகமாகப் பார்த்தார், பூட்டைப் பார்த்தார், என்னையும் ஒருதரம் பார்த்தார். பிறகு சுத்தியலை எடுத்து ஓங்கிப் போட்டார். பூட்டு தெறித்து விழுந்தது.

"என்ன நிக்கிற? அள்ளுலே ஐஸை!"

மறுநாள் ஷீட் வில்லாக வளைந்தது, உடையவில்லை. எல்லாரும் கை தட்டினார்கள். பூட்டு அண்ணன் ஷீட்டைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இன்னிக்கு ஒடையல. நாளைக்கு?" என்றார். பூட்டில்லாத டிபன் கேரியரை அன்று முழுக்கக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டே, ஒற்றைக் கையால் ரெசின் கலக்கினார்.

அதற்கடுத்த நாள் எல்லாருக்கும் முன்னால் பட்டறைக்குப் போனேன். அவர் சட்டை மாட்டும் ஆணியில் ஒரு புதுப் பூட்டைத் தொங்கவிட்டேன். இரண்டு சாவியையும் அதிலேயே கட்டினேன். ஒன்றை நான் வைத்துக்கொண்டேனோ என்று அவருக்குத் தூக்கம் கெடக் கூடாதில்லையா.