மறுபடி ஓட்டு!

‘மறுபடி ஓட்டு’ என்றொரு மனித இனம் உண்டு. பார்வைக்கு உங்களையும் என்னையும் போலத்தான் இருக்கும். பிடிக்காத முடிவு ஒன்றை அதன் கையில் கொடுத்துப் பாருங்கள், உடனே இனம் தெரிந்துவிடும்.

நான் டெக்னீஷியனாக இருக்கும் ஆய்வகத்தின் தலைவர் இதில் அசல் வித்து. முப்பது வருடமாகச் சிவப்புக் கடற்பாசிகளைப் பொறுக்கி வந்து, காயவைத்து, அட்டையில் ஒட்டி, பூதக்கண்ணாடியால் உற்றுப் பார்த்துப் பெயர் வைக்கிறார். பாறையில் அப்பிக் கிடந்த ஒரு பொருக்குக்குத் தன் தாயார் பெயரை வைத்தார். நாலு வருடம் கழித்து, இறகு போன்ற ஒரு ரோஸ் நிறப் பாசிக்கு மனைவியின் பெயர். எனக்குப் பொருக்கு, அவளுக்கு இறகா என்று தாயார் கேட்காமலா இருப்பார்? கேட்டார். இறகின் படமோ வீட்டு ஹாலில் சட்டம் போட்டுத் தொங்குகிறது. வருகிறவர்கள் அதைப் பாராட்டிய பிறகுதான் மனைவி காபி கொண்டுவருவார்.

போன மாதம் இரண்டின் டி.என்.ஏ.வையும் படித்தோம். எழுத்துக்கு எழுத்து ஒன்று! ஒரே பாசிதான் ஒரு பருவத்தில் பொருக்காகவும் மறு பருவத்தில் இறகாகவும் இருந்து தொலைத்திருக்கிறது. முதலில் வைத்த பெயர்தான் செல்லும் என்பது விதி. அதாவது மாமியார் இருப்பார், மருமகள் போய்விடுவார்.

“சாம்பிள் கெட்டுப்போயிருக்கும்மா. மெஷின்ல மறுபடி ஓட்டு.”

ஓட்டினேன். அதேதான்.

“கிளவுஸ் மாத்தினியா? மறுபடி ஓட்டு.”

அப்புறம் மெஷின் மேல் சந்தேகம், தண்ணீர் மேல் சந்தேகம், என் மேல் சந்தேகம். ஆறாவது தடவை வெளியூர் ஆய்வகத்துக்கு அனுப்பினார். அவர்களும் அதே முடிவை வாழ்த்துகளுடன் அனுப்பிவைத்தார்கள். முடிவு பிடித்துப்போன நாளில் இவர் ஒரு தடவைகூட மறுபடி ஓட்டச் சொன்னதில்லை என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

எப்படியோ விஷயம் தெரிந்து மனைவியே நேரில் வந்துவிட்டார். ஆறு தாள்களையும் நிதானமாகப் புரட்டினார். தலைவர் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

“உன் பேரைக் காப்பாத்தத்தான்மா இவ்வளவும்...”

“பேர் போனா போகுதுங்க. நானும் உங்கம்மாவும் ஒண்ணுன்னு ஒரு தடவை தெரிஞ்சதே போதாதா? ஆறு தடவையா நிரூபிப்பீங்க?”

பேனாவை எடுத்து அவரே நீட்டினார். மருமகள் பெயரை நீக்கும் அறிக்கையில் தலைவர் கையெழுத்துப் போட்டார். ஹாலில் இப்போது ஒரு ஆணி மட்டும் இருக்கிறது.

சிரிக்கிறீர்கள். இன்று காலை எடை பார்க்கும் மெஷினில் ஏறி, முகம் சுளித்து இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடி ஏறியது யார்? நீங்கள் இல்லையென்றால் இதை முதலிலிருந்து இன்னொரு தடவை படித்துப் பாருங்கள். முடிவு அதேதான்.