பாம்பெய்க்கு எதிர்ப்பக்க ரயில்

ரயிலில் நின்றுகொண்டு போவது எனக்கு ஆகாது. எங்கள் ஊர் யாங்கோனில், அதாவது பழைய ரங்கூனில், இது ஒரு பிரச்சினையே இல்லை. ஊரைச் சுற்றி வரும் வட்ட ரயிலில் கூட்டமென்றால், எதிர்ப்பக்கம் போகும் ரயிலில் ஏறிவிடுவேன். எப்படியும் சுற்றிக்கொண்டு நம் ஸ்டேஷனுக்கு வந்துதானே தீரும்? கியாக்டடாவில் வேலை முடித்து, இருபது நிமிடத்தில் சேர வேண்டிய தாம்வே வீட்டுக்கு மூன்று மணி நேரம் ஜன்னலோரம் உட்கார்ந்து போயிருக்கிறேன். (கொள்ளுத்தாத்தா பர்மாவுக்குத் தண்டவாளம் போட வந்தவர். அந்தத் திமிர்.)

ரோமில் வேலை பார்க்கும் மகள் கலா எங்களை அழைத்திருந்தாள். என் மனைவி சரோஜாவுக்கு இத்தாலியில் ஒரே ஆசை, எரிமலைச் சாம்பலில் புதைந்த பாம்பெய் நகரம். பள்ளிக்கூடப் புத்தகத்தில் படம் பார்த்த நாளிலிருந்து வைத்திருந்த ஆசை. ஊர் திரும்பும் விமானம் மறுநாள். பாம்பெய்க்கு மிச்சமிருந்தது அந்தக் கடைசி ஒரு நாள்தான். கலாவுக்கு லீவு கிடைக்கவில்லை.

"அப்பா, நேப்பிள்ஸ்ல சின்ன ரயில் மாறணும். கூட்டமா இருந்தாலும் அதுலயே ஏறிடுங்க" என்று படித்துப் படித்துச் சொன்னாள்.

பாம்பெயில் போட்டோ எடுத்துக்கொள்வதற்காகவே வாங்கிய புது லொங்கியில் (பர்மியப் பெண்கள் கட்டும் நீளப் பாவாடை) சரோஜா புறப்பட்டாள். நேப்பிள்ஸில் கடலையும் கோட்டையையும் பார்த்து, பீட்சா தின்று, ஸ்டேஷனுக்கு வந்தோம். பாம்பெய் ரயிலில் கால் வைக்க இடமில்லை. சுவரில் வரைபடம் பார்த்தேன். எரிமலைக்கு இரண்டு பக்கமும் ரயில் கோடுகள் வளைந்து போயின. உடனே எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது (அதுதான் வினை).

"சரோ, இது நம்ம வட்ட ரயிலேதான்! அந்தப் பக்கம் போறது காலியா நிக்குது பாரு. உக்காந்துக்கிட்டே சுத்தி வந்துருவோம்."

"ஏங்க, கலா அதுலயே ஏறச் சொன்னாளே. யாரையாச்சும் கேளுங்களேன்."

"ரயிலப் பத்தி நான் ஒருத்தன்கிட்ட கேக்கணுமா?"

ஜன்னலோரம் கிடைத்தது. வலப்பக்கம் எரிமலை கூடவே வந்தது. நான் வழியெல்லாம் அதற்கு விளக்கவுரை சொல்லிக்கொண்டு வந்தேன். ஒரு மணி நேரம் கழித்து ஏதோ சிற்றூரில் ரயில் நின்றது. எல்லோரும் இறங்கினார்கள், எங்களைத் தவிர.

"நம்ம வட்ட ரயிலு மிங்களாடோன் ஸ்டேஷன்ல கொஞ்ச நேரம் நிக்காதா? அது மாதிரிதான். இப்பக் கெளம்பிரும்" என்றேன்.

அரைமணி போனது. விளக்கு அணைந்தது. துடைப்பத்தோடு வந்த ஓர் அம்மாள் எங்களையும் தரையிலிருந்த குப்பையையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு என்னை வெளியே கூட்டிப்போய் விரல் நீட்டினாள். தண்டவாளம் அங்கேயே முடிந்திருந்தது.

வந்த வழியே திரும்பி, ரயில் மாறி, இந்த முறை வழி முழுக்க நின்றுகொண்டே பாம்பெய் போனோம். காவலாளி கேட்டைப் பூட்டிக்கொண்டிருந்தார். தமிழில் கெஞ்சினேன், பர்மியில் கெஞ்சினேன். அவர் கைக்கடிகாரத்தைக் காட்டினார். சரோஜா கம்பியைப் பிடித்துக்கொண்டு, உள்ளே போகும் கல் பாதையையே பார்த்தபடி நின்றாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை. வாழ்க்கையில் நான் அவ்வளவு வெட்கப்பட்டதில்லை.

"வந்ததுக்கு ஒரு போட்டோவாச்சும் எடுங்க" என்றாள்.

அந்தப் படம் இன்று எங்கள் வீட்டுச் சுவரில் பெரிதாக மாட்டியிருக்கிறது. புது லொங்கியில் சரோஜா, பின்னால் பூட்டிய கம்பிக் கதவு. புதிதாக வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள்.

"சரோஜாக்கா, யாரப் பாக்க ஜெயிலுக்குப் போனீங்க?"

சரோஜா டீயை வைத்துவிட்டு என் பக்கம் கையைக் காட்டுவாள்.

"இவர அன்னிக்கி உள்ள வச்சிருந்தா, நான் பாம்பெய் பாத்திருப்பேன்."