ரிஜெக்ட் மாமாவை எனக்குத் தெரியாது

கொல்கத்தாவில் பொய் சொல்லத் தெரியாத மனிதர் ஒரே ஒருவர்தான். அவரும் லேக் கார்டன்ஸில், எங்கள் வீட்டுக்கு நேர் கீழ் வீட்டில் குடியிருக்கிறார். அவரால் எனக்கு நேர்ந்ததை எழுதத்தான் உட்கார்ந்தேன். இல்லை, என்னால் அவருக்கு நேர்ந்ததை. அதுதான் சரி.

தமிழர்களுக்கு அவர் ரிஜெக்ட் மாமா, வங்காளிகளுக்கு ரிஜெக்ட்-தா, அதாவது ரிஜெக்ட் அண்ணன். தூத்துக்குடிக்காரர். கார்டன் ரீச் பக்கம் கப்பல் கட்டுகிற இடத்தில் வெல்டிங்கைச் சோதிக்கிற வேலை பார்த்தார். குறை கண்ட இடத்தில் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி. குறி விழுந்தால் அதை உடைத்துத் திரும்பப் பற்றவைத்தே ஆக வேண்டும். ஓய்வு பெற்றபோது வேலையைத்தான் விட்டார், சாக்பீஸை விடவில்லை.

பூஜைப் பந்தலில் ஆடுகிற மூங்கிலுக்குக் குறி. மாடிப்படிக் கைப்பிடிக்குக் குறி. ஒரு கல்யாணத்தில் பெண்ணின் அப்பா வாய் மரியாதைக்கு, "சாம்பார் எப்படி மாமா?" என்று கேட்டுவிட்டார். மாமா எழுந்து போய் அண்டாவின் மேல் ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். பிறகு மூன்றாம் தடவை சாம்பார் வாங்கினார். "குறை சொல்லிட்டா தின்னக் கூடாதுன்னு சட்டமா தாயி?" என்றார் என்னிடம்.

விடிகாலையில் லேக்கைச் சுற்றி நடக்கும்போது பெயர்ந்த கல்லுக்கெல்லாம் குறி போடுவார். அங்கே ஓடுகிறவர்கள் தடுக்கி விழாமல் இருப்பது அந்தக் குறிகளின் புண்ணியம். ஏன் மாமா இப்படி என்று கேட்டால் ஒரே வசனம்தான்: "கப்பலு முகதாட்சணியம் பாக்காது தாயி. ஓட்டை இருந்தா முங்கிரும்."

நான் கோவில்பட்டிக்காரி. துறைமுக உத்தியோகத்தில் மாற்றலாகி வந்த கணவரோடு இங்கே வந்து, வீட்டிலேயே கடலை மிட்டாய் செய்து விற்கத் தொடங்கினேன். வியாபாரம் நொண்டியது. போன குளிர்காலத்தில் பெரிய மாரத்தான் ஒன்றை ஒட்டி இரண்டு நாள் கண்காட்சி நடந்தது. ஓடுகிறவர்கள் அத்தனை பேரும் சட்டையில் குத்திக்கொள்ளும் நம்பர் வாங்க அங்கே வந்துதான் ஆக வேண்டும். துணிந்து ஒரு ஸ்டால் எடுத்தேன். என் கணவர் கடைசி மணி அடித்துவிட்டார்: "இதுவும் ஓடலைன்னா அடுப்பை மூடிரு. பாகு வழுக்கி நான் விழுந்ததெல்லாம் போதும்."

கடலை மிட்டாய்க்கு 'எனர்ஜி பார்' என்று புதுச் சட்டை மாட்டினேன். உறையிலும் பெட்டியிலும், 'ஓடுவதற்கு அரை மணி முன் இரண்டு' என்று அச்சடித்தேன். யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை. நான் பஸ்ஸுக்குக்கூட ஓடியவளில்லை. மருந்துச் சீட்டு மாதிரி எழுதினால் ஒரு மதிப்பு இருக்குமே என்று பட்டது, அவ்வளவுதான்.

பெட்டி தூக்க ஆள் இல்லாமல் முழித்தபோது மாமா தாமாகவே வந்தார். "நான் வாரேன் தாயி. சும்மாத்தான இருக்கேன்." அவர் ஒரு நாளும் சும்மா இருந்ததில்லை என்பது எனக்கு அப்போது ஞாபகம் வரவில்லை.

முதலில் வந்தவர் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் தமிழ் இளைஞர். "அட, கடலை மிட்டாய்! ஆன்ட்டி, ஞாயித்துக்கிழமை ஓடுறதுக்கு முன்னாடி சாப்பிடலாமா?"

நான் வாய் திறப்பதற்குள் மாமா புகுந்தார். "ஓடுறதுக்கு முந்தி இதைத் தின்னு பழக்கம் உண்டா?"

"இல்ல சார்."

"அப்ப வேண்டாம். ஓட்டத்தன்னைக்குப் புதுசா எதையும் வயித்துல போடாத. லேக்ல ஓடுறவன் அத்தனை பேரும் சொல்லுதான். நடு ரோட்டுல வயிறு கலக்கிச்சின்னா எந்தப் பக்கம் ஓடுவ? முடிச்சிட்டு வந்து தின்னு. இவ மிட்டாய் எங்கயும் போவாது."

அந்த இளைஞர் பாக்கெட்டைப் பூப்போலத் திரும்ப வைத்துவிட்டு நகர்ந்தார். ஒரு மணி நேரத்தில் இப்படிப் பதினோரு பேரை மாமா என்னிடமிருந்து காப்பாற்றினார்.

"மாமா, கொஞ்ச நேரம் பேசாம இருங்களேன்" என்று கெஞ்சினேன். பேச்சை நிறுத்தினார், சாக்பீஸை எடுத்தார். என் பெட்டியில் 'அரை மணி முன்' என்ற வரியின் மேல் ஒரு குறி. அப்படியே பக்கத்து ஸ்டாலுக்கு நடந்து, ஒரு ஷூவை வளைத்துப் பார்த்து, அதன் அடியில் ஒரு குறி. அந்த ஸ்டால்காரர் வங்காளத்தில் போட்ட கூச்சலுக்குக் காவலாளி ஓடிவந்தான்.

சோதனை பாருங்கள், அதே நேரத்தில்தான் நான் காத்துக் கிடந்த ஆள் எதிரே வந்தார். ஓட்டக்காரர்கள் கிளப் ஒன்றின் பயிற்சியாளர். அவர் சரி என்றால் வாராவாரம் ஆர்டர். இல்லையென்றால் என் அடுப்பு அணைந்தது.

"பௌதி, இவர் உங்க ஆளா?" என்றான் காவலாளி. பௌதி என்றால் அண்ணி.

"தெரியாது" என்றேன்.

வங்காளத்தில்தான் சொன்னேன். தமிழில் என்றால் வாயில் வந்திருக்காது என்று இன்றுவரை என்னையே தேற்றிக்கொள்கிறேன். மாமாவுக்கு என்னைவிட வங்காளம் நன்றாகத் தெரியும்.

ஏற்கெனவே அடுக்கியிருந்த பாக்கெட்டுகளைக் குனிந்து திரும்ப அடுக்கினேன். நிமிர்ந்தபோது கூட்டத்துக்கு நடுவில் அவருடைய குரங்குக் குல்லா மட்டும் தெரிந்தது. மேஜையில் அந்தச் சாக்பீஸ் கிடந்தது. பயிற்சியாளர் ஒரு துண்டு கடித்துவிட்டு, கிளப்புக்கு எடுத்துக்கொள்கிறோம் என்றார். நான் குதித்திருக்க வேண்டும். சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

அன்று வீடு திரும்பியதும், செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு, சத்தம் காட்டாமல் அவர் வாசலைத் தாண்டி மாடி ஏறினேன். நாற்பது வயசுக்காரி!

மறுநாள் கண்காட்சி வாசலில் அதே காவலாளி என்னைப் பார்த்துச் சிரித்தான். "பௌதி, நேத்து அந்தத் தாத்தாவை இங்க நிறுத்தி, நிஜத்தைச் சொல்லு, நீ அந்த ஸ்டால் ஆள்தானேன்னு கேட்டேன்."

"என்ன சொன்னார்?"

"'அந்தப் பொண்ணை நான் பார்த்ததே இல்லை. ஆனா ரொம்ப நல்ல பொண்ணு. மாடி ஏறும்போதெல்லாம் சாப்பிட்டீங்களான்னு என்கிட்ட கேட்கும்'னாரு. பார்க்காத பொண்ணு எந்த மாடியில பௌதி ஏறும்?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. உள்ளே போய் அத்தனை உறையிலும் 'முன்' என்பதைப் பேனாவால் அடித்து, 'ஓடி முடித்த பின்' என்று எழுதினேன். பயிற்சியாளரையும் போனில் கூப்பிட்டு, ஓடுவதற்கு முன்னால் யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள் என்றேன். அவர் சாவகாசமாக, "முன்னாடி யார் பௌதி கொடுப்பாங்க? முடிச்சதுக்கப்புறம் கொடுக்கத்தானே வாங்கினோம்" என்றார். ஆக, நான் மறைக்கப் பார்த்தது ஊருக்கே தெரிந்த விஷயம். அதற்காகத்தான் மாமாவைத் தெரியாது என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் முதலில் அவர் கதவைத் தட்டினேன். "மாமா, நேத்து நான்..." என்று ஆரம்பிக்கும்போதே அழுகை வந்துவிட்டது.

"பாகு லேசா முறுகிட்டு தாயி" என்றார். "அடுத்த தடவை கவனி. உள்ள வா, காப்பி போடுதேன்."

காவலாளியிடம் அவர் சொன்னது வேலை தெரியாதவன் செய்த பொய். நாலு பக்கமும் ஓட்டை. கப்பலாக இருந்தால் கரையிலேயே முங்கியிருக்கும். அவருடைய சாக்பீஸ் இன்னும் என் பையில்தான் இருக்கிறது. அந்தப் பொய்யின் மேல் குறி போட எனக்குத்தான் கை வரவில்லை.