அழுங்கு பல்லியல்ல என்று சான்றிதழ் கேட்டது

ஆரணி,
14-6-2003

தெள்ளாரில் விலங்கியல் ஆசிரியராக விளங்கும் மைத்துனர் சிவகுமார் அவர்களுக்கு, உங்கள் அக்காள் கணவன் ஜெகநாதன் வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். உங்கள் அக்கா ஆதிலட்சுமியும் நலமாம். இரண்டு நாளாக என்னிடம் பேச்சில்லை என்பதால் சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

விஷயம் இதுதான். என் மகள் பானுப்ரியாவைப் பெண் பார்க்க நேற்று முன்தினம் தேசூரிலிருந்து பொன்னுசாமி என்பவர் மகனோடும் உறவினரோடும் வந்தார். பையன் தங்கமானவன், வாயே திறக்கவில்லை. எல்லாம் பேசி முடித்து, பையனின் அப்பாவான பொன்னுசாமி காபியை வாயருகே கொண்டுபோன நேரத்தில், பரணிலிருந்து பலாப்பிஞ்சு மாதிரி ஒன்று அவருடைய வலது தொடையில் விழுந்தது. பார்த்தால் அழுங்குக் குட்டி, எறும்புதின்னி என்பார்களே அது. தறிக்கூடத்து மரத்தில் கறையான் பிடித்திருக்கிறது, அதைத் தின்ன வந்திருக்கும். உடம்பெல்லாம் செதில். ஆபத்து வந்தால் பந்தாகச் சுருண்டுகொண்டு தப்பிக்குமாம். அந்த நேரத்தில் எனக்கும் அப்படிச் சுருண்டுகொள்ளத்தான் ஆசை, இடுப்பு வளையவில்லை.

பொன்னுசாமி காபியைக் கீழே வைத்துவிட்டு, பல்லி விழுந்த பலன் பார்க்கப் பஞ்சாங்கம் கேட்டார். இது பல்லி இல்லைங்க, குட்டி போட்டுப் பால் கொடுக்கிற சாதுவான பிராணி என்று நீங்கள் எப்போதோ சொன்னதை நான் எடுத்துச் சொன்னேன். அவர் கேட்கவில்லை.

"செதில் கீது, வால் கீது, மேலேர்ந்து வுழுது. அப்புறம் பல்லி இல்லாம இன்னாங்க?" என்றார். பால் கொடுத்ததை நீங்கள் பார்த்தீர்களா என்றும் கேட்டார். நான் எங்கே பார்த்தேன்?

பஞ்சாங்கத்தில் வலது தொடைக்குப் பிதா அரிஷ்டம், அதாவது தகப்பனுக்குக் கேடு, என்று போட்டிருந்தது. அவருடைய பிதா காலமாகிப் பதினாறு வருஷம் ஆகிறதே என்று ஆதிலட்சுமி சமாதானம் சொல்லப்போக, இந்தச் சம்பந்தத்தில் பிதா நான்தான் என்று துண்டை உதறிக்கொண்டு எழுந்துவிட்டார். படித்த வாத்தியார் எவராவது அது பல்லி இல்லையென்று எழுதிக் கொடுத்தால் யோசிக்கலாம் என்று வாசலில் நின்று ஒரு வார்த்தை சொன்னார். அதைப் பிடித்துக்கொண்டுதான் எழுதுகிறேன். அழுங்கு பாலூட்டி இனம், அதன் செதில் நம் நகத்தைப் போன்றது என்று பள்ளி முத்திரையோடு ஜல்தியாக ஒரு கடிதம் அனுப்புங்கள். நம் பெண்ணின் வாழ்க்கை உங்கள் பேனாவில் இருக்கிறது. குட்டியை வனத்துறையினர் மலையில் விட வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

வீட்டில் பெரியவர்களுக்கு எங்கள் வணக்கம், பிள்ளைகள் நூறாண்டு சுகமாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஜெகநாதன்

பி.கு.: ஒட்டுவதற்கு முன் பானுப்ரியா இதை வாங்கிப் படித்தாள். தறிக்கூடத்தில் கண்ட குட்டியைக் கூடையில் வைத்துப் பரணில் ஏற்றியதும், கயிற்றை இழுத்துக் கவிழ்த்ததும் அவள்தானாம். வேலூரில் விலங்கியல் மேல்படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறதாம். விண்ணப்பம் வாங்கித் தந்தது நீங்களாம். கல்யாணம் வேண்டாமென்று வாயால் சொல்லக் கூடாதா என்றேன். "கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்ப்பா, யாருமே கேக்கலையே" என்றாள். பேனாவை மறுபடி எடுத்தேன். ஆகையால், அது பல்லிதான் என்றே எழுதி அனுப்பவும். முத்திரை நன்றாகப் பதியட்டும்.