ரத்தம் கொடுக்காத மலை

“என்னடா மலை, உன் ரத்தம் என்ன பன்னீரா? குடுக்கிறதுக்கு இவ்வளவு யோசனை?”

மேஸ்திரி இடுப்பில் கைவைத்துக்கொண்டு கேட்டார். சிமெண்ட் கிடங்கின் நடுவில் மூட்டைகளை நகர்த்தி இடம் பண்ணி, கட்டில் போட்டு, ரத்ததான முகாம் நடந்துகொண்டிருந்தது. வருஷா வருஷம் முதல் கட்டிலில் போய்ப் படுப்பவன் மலைதான். ஆளும் கூப்பிடுகிற பேருக்கு ஏற்ற மாதிரிதான் இருப்பான். அவன் படுத்தால் கட்டிலுக்குத்தான் மயக்கம் வரும். இந்த வருஷமோ கடைசி அடுக்குக்குப் பின்னால் பதுங்கியிருந்தவனைத் தேடிப் பிடித்து இழுத்து வந்திருந்தார்கள்.

விஷயம் இதுதான். எச்.ஐ.வி. வராமல் தடுக்க ஒரு புதுத் தடுப்பூசியை, நோய் இல்லாத ஆட்களுக்குப் போட்டுச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். மலை தானாகவே போய்த் தோளைக் காட்டியிருந்தான்.

“ஊசியில கிருமி கிடையாது. கிருமி வந்தா எப்படி அடிச்சு விரட்டணும்னு உடம்புக்குச் சொல்லிக்குடுக்கும், அவ்வளவுதான். ஆனா வெளியில ரத்தம் குடுக்காதீங்க. வெளியில சோதனையும் பண்ணிக்காதீங்க” என்று டாக்டரம்மா படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

அதை மேஸ்திரியிடம் சொல்லிவிட்டால் போயிற்று. ஆனால் எப்படிச் சொல்வது? கிடங்குக்கு வந்துபோன ஒரு லாரி டிரைவருக்கு அந்த நோய் என்று தெரிந்த அன்று, அவன் உட்கார்ந்த மூட்டையைக்கூட ஒருத்தரும் தொடவில்லை. அவன் கொண்டுவந்த லோடை மலை ஒருத்தனே இறக்கினான். அந்த டிரைவர் செத்துப்போன பிறகுதான் ஊசிக்குப் பேர் கொடுத்தான். அந்த நோயின் பேரை மேஸ்திரி முன்னால் எடுத்தால் பாதியைக் கேட்டுக்கொண்டு மீதியை அவரே முடித்துவிடுவார். வீட்டிலாவது சொல்லலாம் என்றால், ரேடியோவில் அந்தப் பேச்சு வந்தாலே மனைவி பாய்ந்துபோய் நிறுத்திவிடுகிறாள்.

“ரத்தம் கம்மியா இருக்குண்ணே” என்றான் மலை.

“உனக்கா? உன் உடம்புல குழாய் போட்டா ஊரே பொழைச்சுப் போகும்டா!”

கிடங்கே சிரித்தது. ஆனால் மேஸ்திரி மனசில் ஈரம் உள்ளவர். சாயங்காலமே மலையின் வீட்டுக்குப் போன் போட்டுவிட்டார்.

வீட்டுக்குள் கால் வைக்கும்போதே ஒரு சொம்பு பீட்ரூட் சாறு எதிரே வந்தது.

“ரத்தம் கம்மியாமே? மேஸ்திரி சொல்லித்தான் நான் தெரிஞ்சுக்கணுமா? குடிங்க!”

குடித்தான். மறுநாள் கறியும் பீட்ரூட், குழம்பும் பீட்ரூட். அதற்கு மறுநாள் வாயைத் திறந்தாலே பற்கள் சிவப்பாகத் தெரிந்தன. சக ஆட்கள், “என்ன மலை, காலையில யாரைக் கடிச்சே?” என்று கேட்க ஆரம்பித்தார்கள். இனி தாங்காது என்று மனைவியிடம் மாற்றிச் சொன்னான்.

“கம்மி இல்லம்மா. நான் சரியாக் காதுல வாங்கல. ரத்தக் கொதிப்பாம். ஜாஸ்தியாயிடுச்சாம்.”

பீட்ரூட் போயிற்று, கூடவே உப்பும் போயிற்று. அதோடு விட்டாளா? அவள் அண்ணனுக்கும் சேதி போயிற்று.

மச்சானுக்கு மருந்துக்கடையில் வேலை. மாத்திரை எடுத்துக் கொடுத்துக் கொடுத்தே தன்னைப் பாதி டாக்டராக்கிக்கொண்டவர். வந்ததும் மலையின் கண்ணை இழுத்துப் பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார்.

“மாப்ளே, நேத்து கம்மியாகி இன்னிக்கு ஜாஸ்தியாகிற ரத்தத்தை என் சர்வீஸ்ல நான் பாத்ததே இல்ல. புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் என்கூட லேபுக்கு வாங்க. ஒரே வேலையா முடிச்சிடலாம்.”

“எனக்கு எதுக்கு?” மனைவி நெருப்பை மிதித்தவள் மாதிரித் துள்ளினாள். “நான் கல்லு மாதிரி இருக்கேன். என் உடம்புல யாரும் குத்தவும் வேணாம், எடுக்கவும் வேணாம்!”

நல்ல வழி காட்டினாள் மகராசி என்று மலைக்கு உயிர் வந்தது. “எனக்கும்தான் மச்சான். ஊசின்னாலே பயம்.”

“எப்போலேர்ந்து?” அவள் இவன் பக்கம் திரும்பினாள். “போன வருஷம் ரத்தம் குடுத்துட்டு விசிலடிச்சுக்கிட்டே வந்தீங்க. ஆமா, தோள் ஏன் வீங்கியிருக்கு?”

“மூட்டை அழுத்திடுச்சு.”

“இடது தோள்லயா? கல்யாணம் ஆன நாள்லேர்ந்து உங்க சட்டையில வலது தோள்தான் கிழியுது. நான்தானே தைக்கிறேன்!”

மலை சட்டையை இழுத்துத் தோளை மூடினான். அவள் விடவில்லை.

“சனிக்கிழமை ஓவர்டைம்னு போறீங்களே, மேஸ்திரிகிட்டக் கேட்டேன். மத்தியானமே கிடங்கைப் பூட்டிடுவாங்களாமே? நான் ஒருத்தி, சனிக்கிழமைகூட விடாம தையல் கூடத்துக்கு ஓடிக்கிட்டிருக்கேன். சொல்லுங்க, யாரு அவ?”

“எவ?”

“உங்க ரத்தத்தை ஏத்தி எறக்கிக்கிட்டிருக்கிறவ!”

மச்சான் செருமிவிட்டு மின்விசிறியை ஆராய ஆரம்பித்தார். அவள் அலமாரி மேலிருந்து பையை இறக்கித் தூசி தட்டினாள்.

“ஒண்ணு, நீங்க அண்ணன்கூட லேபுக்குப் போங்க. இல்ல, நான் அண்ணன்கூட எங்க வீட்டுக்குப் போறேன்.”

ஆயுசு முழுக்க மூட்டை தூக்கியவனுக்கு அந்த ஒரு பையின் கனம் தாங்கவில்லை. உப்பும் சர்க்கரையும்தானே பார்க்கப் போகிறார்கள் என்று கிளம்பிவிட்டான். தங்கை புருஷனுக்குச் செய்வதில் குறை வைக்கலாமா? இருக்கிற சோதனை அத்தனையும் செய்யச் சொல்லிவிட்டார் மச்சான்.

மறுநாள் அவர் வந்தபோது முகத்தில் மாஸ்க், கையில் கையுறை. வாசற்படியைத் தாண்டவில்லை.

“உள்ள வந்து உக்காருங்க மச்சான்.”

“இருக்கட்டும் மாப்ளே, நிக்கிறதுதான் உடம்புக்கு நல்லது” என்றவர், தங்கையைப் பார்த்ததும் உடைந்துவிட்டார். “மனசைத் திடப்படுத்திக்கம்மா. மாப்ளைக்கு... எச்.ஐ.வி.ன்னு வந்திருக்கு.”

அவள் சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள். திட்டியிருந்தால் மலை தாங்கியிருப்பான். கண்ணீர் மட்டும் தாரை தாரையாக இறங்கியது.

“ஐயோ, நோய் இல்லம்மா, ஊசி! நோய் வராம இருக்கப் போட்ட ஊசி!” மலை எல்லாவற்றையும் கொட்டினான். டிரைவர், தடுப்பூசி, சனிக்கிழமை, பெரிய ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருக்கிற ஆராய்ச்சிக் கூடம், எல்லாவற்றையும்.

அவள் அழுகை சட்டென்று நின்றது. இதையும் பொய் என்று நினைத்துவிட்டாள் போலிருக்கிறது என்று மலை பதறினான்.

மச்சான்தான் முதலில் பேசினார். “நோயே இல்லாதவனுக்கு எதுக்கு ஊசி? கதை விடறதுக்கும் ஒரு அளவு வேணாமா மாப்ளே?”

“மண்டை உடைஞ்ச பிறகா ஹெல்மெட் போடுவீங்க மச்சான்?”

“பேச்சுக்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல. நடங்க, அங்கேயே போய்க் கேப்போம். கிளம்பு தங்கச்சி.”

“நான் வரல” என்றாள் அவள்.

“நீ வந்து உன் காதால கேட்டாத்தான் எனக்குச் சோறு இறங்கும்” என்று மலை கெஞ்சிக் கூத்தாடினான்.

வந்தாள். முக்காடு போட்டு, கண் மட்டும் தெரியும்படி, கடன்காரனைக் கண்டவள் மாதிரி ஒதுங்கி ஒதுங்கி வந்தாள். ஆராய்ச்சிக் கூடத்துக் கேட்டுக்கு வெளியே இருந்த மரத்தைத் தாண்ட மாட்டேன் என்று நின்றுவிட்டாள். ஊர் பார்த்தால் என்ன நினைக்கும் என்ற கூச்சம், பாவம் என்று மலை நினைத்துக்கொண்டான்.

உள்ளே டாக்டரம்மா தலையில் கைவைத்துக்கொண்டார்.

“வெளியில சோதனை பண்ணாதீங்கன்னு எத்தனை தடவை சொன்னேன்!” பிறகு மச்சானிடம் திரும்பினார். “சார், லேப்ல தேடினது கிருமிக்கு எதிரா உடம்பு உண்டாக்கி வச்சிருக்கிற எதிர்ப்புச் சக்தியை. தடுப்பூசி போட்டுக்கிட்டாலும் அது உண்டாகும். நாங்க கிருமியையே தேடுறோம். போன சனிக்கிழமை எடுத்த ரத்தத்துல கிருமி இல்ல. இன்னிக்கும் ஒரு தடவை எடுத்துப் பாத்துடறோம். பயப்பட ஒண்ணுமே இல்ல.”

மச்சான் கையுறையைக் கழற்றினார். மாஸ்க்கையும் கழற்றினார்.

“எனக்குத்தான் இப்போ பயம்” என்றார் டாக்டரம்மா. “சோதனைக்கு வந்தவங்கள்ல பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் உப்புத்தண்ணி. யாருக்கு எதுன்னு எனக்கே தெரியக்கூடாதுங்கிறது சட்டம். இப்போ பாருங்க, இவருக்கு எதுன்னு மருந்துக்கடை வரைக்கும் தெரிஞ்சுபோச்சு!”

மலை ரத்தம் கொடுத்துவிட்டு ஓட்டமாக வெளியே வந்தான். மச்சான் உள்ளேயே உட்கார்ந்து, தன் தொழில் அனுபவத்தை டாக்டரம்மாவுக்கு எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தார்.

“எனக்கு ஒண்ணும் இல்லம்மா! டாக்டரம்மாவே சொல்லிட்டாங்க.”

“தெரியுங்க. நீங்க வீட்ல சொன்னப்பவே நம்பிட்டேன்.”

மச்சானே நம்பாததை, மேஸ்திரி நம்பவே போகாததை, இவள் சொன்ன மாத்திரத்தில் நம்பியிருக்கிறாள்!

“உன்னைப் போய் ஏமாத்தினேனே. உன் காலைத் தொட்டுக் கும்பிடலாம். இனிமே நமக்குள்ள ஒளிவுமறைவே வேணாம்மா.”

“வேணாம், வேணவே வேணாம். முதல்ல இங்கேர்ந்து நடங்க” என்று அவன் கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்தாள். மலையையே இழுக்கிற பலம் அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று அவனுக்கு ஆச்சரியம்.

அதற்குள் வாட்ச்மேன் கேட்டைத் தாண்டி ஓடி வந்தார். தெரிந்த முகமாயிற்றே என்று மலையைப் பார்த்து ஒரு சிரிப்பு. பிறகு முக்காட்டுப் பக்கம் குனிந்து குரலைத் தாழ்த்தினார்.

“அக்கா, ஊசி போட்டுக்காம எங்க கிளம்பிட்டீங்க? உங்க வீட்டுக்காரர் கண்ணுல பட்டுடக் கூடாதுன்னு எப்பவும்போல பின்வாசலைத் திறந்துதானே வச்சிருக்கேன்!”