சலித்ததில் விழுந்த வீடு

இனிமேல் பெரிய பிரச்சினைகளை மட்டும்தான் தன்னிடம் கொண்டுவர வேண்டும் என்று சைபுதீன் வீட்டில் சட்டம் போட்டார்.

கொச்சங்காடி கிட்டங்கியில் பகலெல்லாம் மிளகு சலித்துத் தரம் பிரிக்கும் மனிதர். வீடு வந்தால், மனைவி ஜலீலா குழாய் ஒழுகுவதில் தொடங்கி, பூனை பரணில் குட்டி போட்டது வரை ஒரே மூச்சில் கொட்டுவாள். சாயா ஆறிப்போகும்.

"எல்லாத்தையும் சலிச்சிட்டுச் சொல்லு ஜலீலா. சல்லடையில நிக்கிற பெரிசு எனக்கு. கீழ விழுற சின்னது உனக்கு."

"சின்னதை உங்களைக் கேக்காமலே முடிச்சிடலாமா?"

"முடிச்சிடு. மனுசனை விடு."

"அடுக்களைக்குள்ள காயல் தண்ணி ஏறுதே. அது நிக்குமா, விழுமா?"

கொச்சியின் மட்டாஞ்சேரியில் வேலியேற்றம் வந்து கடல்மட்டம் உயர்ந்தால் காயல் பொங்கி வீட்டுக்குள் வந்து நலம் விசாரித்துவிட்டுப் போவது வழக்கம்தான். நேற்றுகூட மீன்சட்டி கூடம்வரை மிதந்து வந்திருந்தது. பெரிசு என்று சொன்னால் தரையை உயர்த்த இப்போதே கொத்தனாரைத் தேடி அலைய வேண்டும். சைபுதீன் காலை நீட்டிக்கொண்டார்.

"கணுக்கால் தண்ணி. வந்த வழியே போயிடுது. சின்னது."

"நல்லா யோசிச்சுதான் சொல்றீங்களா?"

"சின்னதிலயும் சின்னது."

அதன்பின் வீட்டில் அப்படி ஓர் அமைதி. சாயா சூடாகவே தொண்டையில் இறங்கியது. பெண்டாட்டியை எப்படி வழிக்குக் கொண்டுவருவது என்று கிட்டங்கியில் கூட வேலை பார்க்கும் ராசப்பனுக்கு வகுப்பே எடுத்தார்.

ஒரு மத்தியானம் சோறு தின்ன வந்தவர் தெருவிலேயே நின்றுவிட்டார். வாசலில் மினி லாரி. அதன்மேல் அவருடைய கட்டில், நாலு காலையும் வானத்துக்குத் தூக்கிக்கொண்டு கிடந்தது.

"என்னடீ இது?"

"இடப்பள்ளியில நம்ம மக அன்ஸியா நமக்காக வாடகைக்கு ஃபிளாட் பிடிச்சிருக்கா. பத்தாவது மாடி. அங்க எந்தக் காயலும் ஏறி வராது."

"எங்க வாப்பா காலத்து வீடு. இதை விட்டுப் போறது சின்ன விசயமா?"

"வீட்டை விட்டுப் போறதை நான் பிரச்சினைன்னே சொல்லலையே. தண்ணிதான் பிரச்சினை. சின்னதுன்னு நீங்க சொன்னீங்க. கேக்காம முடிச்சிட்டேன்."

சைபுதீன் திரும்பித் தெருக்கோடி சாயாக்கடையைப் பார்த்தார். இடப்பள்ளியில் இவர் முகம் எந்தக் கடைக்காரனுக்குத் தெரியும்? தினமும் எத்தனை பஸ் மாறி மிளகு சலிக்க வருவது?

"கிட்டங்கிக்கு நான் எப்படிடீ வருவேன்?"

ஜலீலா லாரியின் முன்பக்கம் ஏறி, சேலையை ஒதுக்கி உட்கார்ந்தாள்.

"அதை அப்புறம் பார்ப்போம். இப்ப உங்களுக்குன்னே ஒரு பெரிசு எடுத்து வச்சிருக்கேன். டிரைவர் சேட்டன் பக்கத்துல ஒரே ஒரு சீட்டுதான். நீங்க எதுல வர்றதுன்னு நிதானமா யோசிச்சு முடிவு பண்ணுங்க."